குண்டுவீச்சு விமானத்தில் கேமராவோடு ஏறிய 'பென்-ஹர்' இயக்குநர்: வில்லியம் வைலர் கொடுத்த விலை என்ன?

யூடியூபில் இரண்டாம் உலகப் போர் வீடியோக்கள் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சியைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். அடர்நீல வானம். நான்கு இன்ஜின் வைத்த அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாகப் போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸால் கோடு இழுத்த மாதிரி வெள்ளைத் தடம். கலர் பளிச்சென்று இருக்கும், ஏதோ போன வருஷம் எடுத்த மாதிரி. பின்னணியில் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும்.

இதில் படம் நிஜம். சத்தம் நிஜமில்லை. அந்தக் காட்சிகளை எடுத்த 16 மி.மீ. கேமராக்களில் ஒலியைப் பதிவு செய்யும் வசதியே கிடையாது. நாம் கேட்பதெல்லாம் பின்னால் ஸ்டூடியோவில் சேர்த்தது.

அந்த நிஜமான சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தவர்களில் ஒருவர் ஹாலிவுட்டின் பெரிய இயக்குநர். பெயர் வில்லியம் வைலர். பெயர் பரிச்சயம் இல்லாவிட்டாலும் படங்கள் தெரிந்திருக்கும். 'ரோமன் ஹாலிடே' அவருடையது. தேர்ப் பந்தயத்துக்காக இன்றும் பேசப்படும் 'பென்-ஹர்' அவருடையது. போரில் விமானங்களைப் படம் எடுக்கப் போனவர், திரும்பி வரும்போது காது கேட்காதவராக வந்தார். அந்தக் கதைதான் இது.

பிறந்தது ஜெர்மனியில், ஊர் இருப்பது பிரான்ஸில்

வைலர் 1902 ஜூலை 1 அன்று முலூஸ் என்ற ஊரில் பிறந்தார். அல்சேஸ் பகுதியில் இருக்கும் இந்த ஊர் அப்போது ஜெர்மனி வசம் இருந்தது. முதல் உலகப் போர் 1918-ல் முடிந்ததும் பிரான்ஸ் கைக்கு வந்தது. வீட்டை மாற்றாமலே நாடு மாறிப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. யூதக் குடும்பம். அப்பா துணிக்கடை வைத்திருந்தார்.

பையனுக்குப் படிப்பிலும் கடையிலும் பெரிய ஆர்வம் இல்லை. அம்மாவுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். பெயர் கார்ல் லெம்லி. அமெரிக்காவில் யுனிவர்சல் சினிமா நிறுவனத்தைத் தொடங்கிய அதே லெம்லிதான். சொந்தக்காரப் பையன்களுக்கெல்லாம் தன் கம்பெனியில் வேலை போட்டுக் கொடுப்பதில் பேர்போன மனிதர். அவர் தயவில் 1920-ல் வைலர் நியூயார்க் போய் இறங்கினார். அங்கிருந்து ஹாலிவுட்.

எடுபிடி வேலையில் ஆரம்பித்து, உதவி இயக்குநராகி, 1925 முதல் குட்டி குட்டி கௌபாய் படங்களை இயக்கத் தொடங்கினார். ஊமைப் படமாக 1925-ல் வந்த முதல் 'பென்-ஹர்' படத்தின் தேர்ப் பந்தயக் காட்சியில் வேலை பார்த்த பல உதவியாளர்களில் அவரும் ஒருவர். அதே கதையைப் பிற்பாடு தானே எடுப்போம் என்று அப்போது நினைத்திருக்க வாய்ப்பில்லை.

1930-களின் இறுதியில் வைலர் என்றாலே ஹாலிவுட்டில் ஒரு விஷயம் பிரபலம். டேக். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். நாற்பது டேக் போனாலும் விடமாட்டார். எது சரியில்லை என்றும் தெளிவாகச் சொல்லமாட்டார், இன்னொரு தடவை என்பார், அவ்வளவுதான். நடிகர்கள் நொந்துபோவார்கள். ஆனால் அவர் படத்தில் நடித்தவர்களுக்கு ஆஸ்கர் வரிசையாக வந்துகொண்டிருந்தது, அதனால் யாரும் ரொம்பச் சண்டை போடவும் இல்லை.

கற்பனைப் போரிலிருந்து நிஜப் போருக்கு

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு வைலரின் கவலை ஊர்ப்பக்கம் திரும்பியது. ஐரோப்பாவிலிருந்து தப்பி வர நினைத்த யூதர்களுக்கு அமெரிக்காவில் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்து போட வேண்டியிருந்தது. முலூஸைச் சேர்ந்த பலருக்கு வைலர் அப்படிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தார்.

1941 நவம்பரில் 'மிஸஸ் மினிவர்' படப்பிடிப்பைத் தொடங்கினார். ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும் நேரத்தில் ஓர் இங்கிலாந்துக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது கதை. அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை. படம் பாதியில் இருக்கும்போது பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 1942-ல் படம் வெளியாகி ஓடு ஓடு என்று ஓடியது.

அதே வருஷம் வைலர் ராணுவத்தில் சேர்ந்தார். வயது 40. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் அவரிடம் வந்த வேலை, கறுப்பின வீரர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம். அதற்காகத் தென் மாநிலங்களைச் சுற்றிப் பார்த்தார். ராணுவ முகாம்களிலேயே கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த விதம் அவரை உலுக்கியது. அதையெல்லாம் மறைத்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு பிரசாரப் படம் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒதுங்கிக்கொண்டார். பிறகு வேறு ஓர் இயக்குநர் அந்தப் படத்தை முடித்தார்.

அடுத்து வந்தது விமானப்படை. மேஜர் பதவியில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையைப் படம் எடுக்க வேண்டும். இதுதான் உத்தரவு.

பி-17 என்றால் என்ன? உள்ளே எப்படி இருக்கும்?

கேம்பிரிட்ஜ் அருகே பாசிங்போர்ன் என்ற இடத்தில் ஒரு விமான தளம். அங்கிருந்து கிளம்பிய விமானம் பி-17. 'பறக்கும் கோட்டை' என்று பெயர் எடுத்தது. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைசக்தி. உள்ளே பத்து பேர். சுற்றிலும் இயந்திரத் துப்பாக்கிகள்.

இன்றைக்கு நாம் போகும் பயணிகள் விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்தால் தப்பாகிவிடும். உள்ளே காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. நடுப்பகுதியில் துப்பாக்கி நீட்டுவதற்காக ஜன்னல் திறந்தே இருக்கும். 25,000 அடி உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரியைத் தொடும். ஆக்சிஜன் மாஸ்க் கழன்றால் சில நிமிடங்களில் மயக்கம், கவனிக்க ஆள் இல்லையென்றால் சாவு. கையுறையைக் கழற்றி உலோகத்தைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எதிரியின் குண்டு படாமலே, வெறும் குளிரால் விரல் போனவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் விமானப்படை ராத்திரியில் குண்டு போடும். அமெரிக்கர்கள் பட்டப்பகலில் போனார்கள், இலக்கு தெளிவாகத் தெரியும் என்பதற்காக. இலக்கு தெரியும் என்றால், கீழே இருப்பவனுக்கும் இவர்கள் தெரிவார்கள் இல்லையா? அந்த வெள்ளைத் தடம் அழகாக இருக்கிறது என்று நாம் ரசிக்கிறோம். இன்ஜின் புகையில் இருக்கும் நீராவி குளிரில் உறைந்து உருவாகும் தடம் அது. ஜெர்மன் பைலட்டுக்கு, இதோ இங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கும் கோடும் அதுதான்.

ஒரு வீரர் 25 முறை பறந்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது கணக்கு. 1943-ன் தொடக்கத்தில் அந்த 25-ஐ எட்டுவது பெரும்பாலானவர்களுக்குக் கனவு. போர் முடிவதற்குள் எட்டாவது விமானப்படை மட்டும் 26,000-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது.

நாற்பது டேக் இயக்குநருக்கு ஒரே டேக்

இந்த விமானத்துக்குள் ஸ்டூடியோவின் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு நகரவே முடியாது. அதனால் கையில் பிடிக்கக்கூடிய 16 மி.மீ. கேமரா. அதில் கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிம். இந்தக் காட்சிகள் இன்றும் பளிச்சென்று இருப்பதற்கு ஒரு காரணம் இந்த ஃபிலிம்தான், சரியாகப் பாதுகாத்தால் அதன் நிறம் லேசில் மங்காது. ஆனால் ஒரு ரோல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குளிரில் கேமராவே உறைந்து நின்றுவிடும். புது ரோல் மாட்ட வேண்டுமென்றால் தடிமனான கையுறையோடு திண்டாட வேண்டும்.

விமானத்தில் சும்மா உட்கார்ந்து போவதற்கு இடம் கிடையாது. கேமராக்காரரானாலும் அவசரத்துக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வைலரும் அவர் குழுவும் துப்பாக்கிப் பயிற்சி முடித்த பிறகுதான் விமானத்தில் ஏறினார்கள்.

1943 பிப்ரவரி 26. வைலரின் முதல் பயணம். இலக்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகம். ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்துப் பழகிய மனுஷனுக்கு, இங்கே எதிரி விமானம் ஒரு விநாடி வந்து போகும். கேமராவைத் திருப்புவதற்குள் காணாமல் போயிருக்கும். இன்னொரு தடவை என்று யாரிடம் கேட்பது?

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் விழா. 'மிஸஸ் மினிவர்' சிறந்த படம் உட்பட ஆறு விருதுகளை அள்ளியது. சிறந்த இயக்குநர் விருது வைலருக்கு, அவருடைய முதல் ஆஸ்கர். மேடையேறி வாங்கியது மனைவி. வைலர் இங்கிலாந்தில் ஒரு விமான தளத்தில் இருந்தார்.

அவர் பறப்பது மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. அவர் ஒரு யூதர். அதுவும் ஹிட்லருக்கு எதிராக உலகப் புகழ் பெற்ற படம் எடுத்தவர். விமானம் விழுந்து ஜெர்மானியர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். அப்படியும் அவர் நிறுத்தவில்லை. மொத்தம் ஐந்து முறை பறந்தார்.

ஏப்ரலில் அவருடைய சின்னக் குழுவில் ஓர் இடம் காலியானது. ஹரால்ட் டானன்பாம், ஹாலிவுட்டில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். சத்தமே பதியாத கேமராவைக் கையில் எடுத்து ஒளிப்பதிவாளராக மாறியிருந்தார். படம் எடுக்கப் போன விமானம் பிரான்ஸ் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் திரும்பவில்லை.

'மெம்ஃபிஸ் பெல்': எது நிஜம், எது சினிமா?

எல்லா விமானங்களையும் காட்டினால் பார்ப்பவர் மனதில் எதுவும் நிற்காது என்பது வைலருக்குத் தெரியும். ஒரு விமானம், பத்து பேர், 25-வது பயணம். இதுதான் அவர் பிடித்த கதை. அந்த விமானத்தின் பெயர் 'மெம்ஃபிஸ் பெல்'.

25 பயணங்களை முடித்த முதல் விமானம் இதுதான் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற இன்னொரு பி-17 சில நாள் முன்னாடியே முடித்துவிட்டது. மெம்ஃபிஸ் பெல், 25 முடித்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பி, ஊர் ஊராகக் காட்டப்பட்டு, போர் நிதி திரட்ட உதவிய விமானம். அதோடு அதற்கு ஒரு படமும் கிடைத்தது. பெயர் நிலைத்துவிட்டது.

படத்திலும் சில சமரசங்கள் உண்டு. கடைசிப் பயணம் வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்கு என்று படம் சொல்கிறது. உண்மையில் அந்தக் குழுவின் 25-வது பயணம் 1943 மே 17 அன்று பிரான்ஸின் லோரியான் துறைமுகத்துக்கு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு விமானத்திலிருந்து எடுத்த காட்சிகளைக் கோத்து ஒரே பயணம் போலக் கொடுத்தார் வைலர்.

சத்தம்? வீரர்கள் இன்டர்காமில் ஒருவரோடு ஒருவர் பேசுவது படத்தில் வரும். கேட்டால் புல்லரிக்கும். ஆனால் அது வானத்தில் பதிவானதில்லை. அமெரிக்கா திரும்பிய அதே வீரர்களை ஹாலிவுட்டுக்கு வரவழைத்து, காட்சிக்கு ஏற்றபடி மைக் முன்னால் பேச வைத்தார்கள். ஒருவகையில் டப்பிங். பேசியவர்கள் உண்மையில் அங்கே இருந்தவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

நாற்பது நிமிடத்துக்குச் சற்று கூடுதலான இந்தப் படம், 1944 ஏப்ரலில் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முன்பே வெள்ளை மாளிகையில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. 16 மி.மீ. ஃபிலிமைப் பெரிதாக்கி தியேட்டர் திரைக்குக் கொண்டு வந்தார்கள். போர் எப்படி இருக்கும் என்று செய்தித்தாளில் மட்டும் படித்துக்கொண்டிருந்த மக்கள், முதல்முறையாகத் தங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கலரில் பார்த்தார்கள்.

அந்தக் காட்சிகள் காட்டாத ஒன்றும் இருக்கிறது. 25,000 அடியிலிருந்து பார்த்தால் குண்டு விழும் இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புகைதான் தெரியும். அந்தப் புகைக்கு அடியில் துறைமுகம் இருக்கும், தொழிற்சாலை இருக்கும், பக்கத்தில் வீடுகளும் இருக்கும். கேமரா மேலே இருந்தது. கீழே இருந்தவர்கள் அதில் வரவில்லை. அந்த நாட்டில்தான் வைலர் பிறந்தார், அவர்கள் பேசிய மொழி அவருக்கும் தெரியும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பார்க்கலாம்.

ஓர் அடி, ஒரு கண்டனக் கடிதம், ஒரு காலி ஊர்

1944-ல் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசல். அங்கிருந்த ஊழியர் ஒருவர், வேறு யாரையோ பற்றி யூதர்களை இழிவுபடுத்தும் வார்த்தையில் பேசினார். சீருடையில் இருந்த வைலர் அவரை அடித்துவிட்டார். பொதுமகனை அடித்த அதிகாரி என்று ராணுவ நீதிமன்றம் வரை போயிருக்கக்கூடிய விவகாரம். கண்டனக் கடிதத்தோடு முடிந்தது. நாஜிகளோடு சண்டை போடும் ராணுவத்தின் அதிகாரி, தன் நாட்டுத் தலைநகரத்திலேயே இதைக் கேட்க வேண்டியிருந்தது.

அதே வருஷக் கடைசியில் முலூஸ் விடுவிக்கப்பட்டது. வைலர் தேடிப் போனார். அப்பாவின் கடை அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த யூதக் குடும்பங்கள் ஊரில் இல்லை.

சத்தம் நின்ற நாள்

இதற்கு நடுவே அடுத்த படம் தொடங்கியிருந்தது. 'தண்டர்போல்ட்'. இத்தாலிக்குப் பக்கத்தில் இருக்கும் கோர்சிகா தீவிலிருந்து பறந்த பி-47 ரகச் சண்டை விமானங்களைப் பற்றியது. பி-17 போல இதில் பத்து பேர் கிடையாது. பைலட் ஒருவர் மட்டும்தான். கேமராக்காரருக்கு இடமே இல்லை. அதனால் விமானத்தின் பல இடங்களில் கேமராவைப் பொருத்தி, பைலட் பறக்கும்போதே தானாகப் பதிவாகும்படி ஏற்பாடு செய்தார்கள். இன்றைய கோப்ரோ கேமரா செய்யும் வேலையை எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்தார்கள். இந்த முறை விமானம் தாழப் பறந்தது. ரயில், பாலம், சாலை, வீடு என்று சுடப்பட்டதெல்லாம் நெருக்கத்தில் தெரிந்தது.

1945 ஏப்ரல். ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. படத்துக்கு இன்னும் சில வான்வழிக் காட்சிகள் தேவைப்பட்டன. வைலர் ஒரு பி-25 விமானத்தில் ஏறினார். இத்தாலியின் நிலப்பரப்பை மேலிருந்து எடுப்பதுதான் திட்டம். எதிரி இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. திறந்த பகுதிக்குப் பக்கத்தில் கேமராவோடு இருந்தார். காற்றும் இன்ஜினும் காதில் அறைந்துகொண்டே இருந்தன.

க்ரோசெட்டோ என்ற இடத்தில் விமானம் இறங்கியது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

உயரத்தில் போய் வந்தால் காது அடைத்துக்கொள்வது சகஜம், சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தார். சரியாகவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு காது முழுசாகப் போயிருந்தது, இன்னொன்றில் மிச்சம் கொஞ்சம்தான். ஜெர்மன் குண்டுகளுக்கு நடுவே ஐந்து முறை போய் வந்தவர், யாரும் சுடாத ஒரு நாளில் காதை இழந்தார்.

வயது 42. அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை கொடுத்தது. வசனத்தின் ஏற்ற இறக்கத்தில் ஒரு துளி பிசகினாலும் இன்னொரு டேக் கேட்ட இயக்குநர் அவர். நடிகர் பேசுவதே கேட்காவிட்டால் எப்படி இயக்குவது? தன் சினிமா வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

திரும்பி வந்தவர்களின் கதை

ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒலியைப் பெருக்கிக் கொடுத்தால் மிச்சமிருந்த கேட்கும் திறனைக் கொண்டு வசனத்தைப் பிடித்துவிடலாம். அப்படி எடுத்த படம் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. 1946-ல் வந்தது.

போரிலிருந்து ஊர் திரும்பும் மூன்று பேரின் கதை. ஒருவர் வங்கி அதிகாரி. ஒருவர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர், போருக்கு முன்னால் கடையில் சோடா ஊற்றிக் கொடுத்தவர். மூன்றாமவர் கடற்படை வீரர், இரண்டு கையும் இல்லை. அந்த வேஷத்துக்கு வைலர் நடிகரைத் தேடவில்லை. ஹரால்ட் ரஸ்ஸல் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். ராணுவப் பயிற்சியில் வெடி வெடித்து உண்மையிலேயே இரண்டு கையையும் இழந்தவர். நடிப்பு பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் படத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தது. வைலருக்கு இரண்டாவது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. வேலை போய், வீட்டில் நிம்மதியும் போய், ஊரை விட்டே கிளம்பத் தயாராக நிற்கிறார் அந்த விமானப்படைக்காரர். பக்கத்தில் ஒரு திடல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழைய பி-17 விமானங்கள். இன்ஜின் கழற்றி, உடைத்துப் பழைய இரும்பாகப் போட வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இது செட் இல்லை. கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ என்ற இடத்தில் இருந்த நிஜமான விமான இடுகாடு.

அவர் ஒரு விமானத்துக்குள் ஏறுகிறார். முன்பக்கக் கண்ணாடிக் கூண்டில், தன் பழைய இடத்தில் போய் உட்கார்கிறார். கண்ணாடி முழுக்கத் தூசி. கேமரா வெளியே ஒவ்வொரு இன்ஜின் இருந்த இடமாகக் காட்டிக்கொண்டே போகிறது. அங்கே இன்ஜினே இல்லை. ஆனால் பின்னணி இசை, இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பிடிப்பது போல எழும்புகிறது. உள்ளே உட்கார்ந்தவருக்கு வியர்க்கிறது. அந்த சத்தம் அவர் தலைக்குள் மட்டும்தான் கேட்கிறது.

காது போன இயக்குநர் எடுத்த காட்சி அது. தலைக்குள் மிச்சமிருக்கும் விமானச் சத்தம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போருக்குப் பின் வரும் மனப் பாதிப்பு பற்றி வெளிப்படையாகப் பேசாத காலத்தில் இதை எடுத்திருக்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு

அடுத்த வருஷமே அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியது. சினிமாக்காரர்களை விசாரணைக் குழு முன்னால் நிறுத்தி மிரட்டியபோது, கருத்துச் சுதந்திரத்துக்காகக் குழு அமைத்தவர்களில் வைலரும் ஒருவர்.

1953-ல் ஆட்ரி ஹெப்பர்னை வைத்து 'ரோமன் ஹாலிடே'. காது இழந்த அதே இத்தாலியில், ரோம் தெருக்களில் எடுத்த படம் என்று நினைக்கும்போது அதன் கலகலப்பு வேறு மாதிரி தெரியும். 1959-ல் 'பென்-ஹர்', 11 ஆஸ்கர். அவருக்கு இயக்குநராக மூன்றாவது. 1970-ல் வந்த கடைசிப் படம் 'தி லிபரேஷன் ஆஃப் எல்.பி. ஜோன்ஸ்'. தென் மாநிலத்தில் நிலவும் இனவெறி பற்றியது. 1942-ல் ராணுவத்துக்காக எடுக்க முடியாமல் ஒதுங்கிய விஷயத்தை, 28 வருஷம் கழித்துத் தொட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

1981 ஜூலை 27 அன்று வைலர் இறந்தார். வயது 79. அதற்கு மூன்று நாள் முன்னால்தான், தன் மகள் தயாரித்த ஆவணப்படத்துக்காக கேமரா முன்னால் உட்கார்ந்து தன் வாழ்க்கையைப் பேசி முடித்திருந்தார்.

அந்த ஃபிலிம் ரோல்கள் இப்போது எங்கே?

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணிக்காக எடுத்த படங்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதனால்தான் இந்தக் காட்சிகள் ஆவணப்படங்களிலும் யூடியூபிலும் இவ்வளவு சுற்றுகின்றன. பெரும்பாலும் எடுத்தவர் பெயர் இல்லாமல்.

'மெம்ஃபிஸ் பெல்' படத்தில் சேர்க்காமல் விட்ட ரோல்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எழுபது வருஷத்துக்கு மேல் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாகச் சுத்தம் செய்து, 2018-ல் 'தி கோல்ட் ப்ளூ' என்ற படத்தை உருவாக்கினார்கள். இந்தப் படத்திலும் விமானச் சத்தம் புதிதாகச் சேர்க்கப்பட்டதுதான்.

மெம்ஃபிஸ் பெல் விமானம் என்ன ஆனது? போர் முடிந்ததும் அதுவும் இடுகாட்டுக்குத்தான் போனது. மெம்ஃபிஸ் நகரம் 350 டாலர் கொடுத்து அதை மீட்டது. பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று, கடைசியில் பழுதுபார்க்கப்பட்டு, 2018 மே மாதம் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 12,000-க்கும் மேல் செய்யப்பட்ட பி-17-களில் இன்று மிச்சம் இருப்பது சொற்பம்.

அடுத்த முறை ஃபீடில் அந்த நீல வானமும் வெள்ளைத் தடமும் வந்தால், ஒரு நிமிடம் மொபைலை ம்யூட்டில் போட்டுப் பாருங்கள். கேமரா பதிவு செய்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டவர்களில் ஒருவர் டானன்பாம், அவர் திரும்பவே இல்லை. இன்னொருவர் வைலர். அவர் திரும்பினார், ஆனால் அதற்குப் பிறகு அவர் காது பழையபடி கேட்கவே இல்லை.